தவசு காலத்தில் வைத்த பூ

என் உடன்பிறந்த லூர்தக்காவுக்கு, ஒரே பாயில் உன்னோடு படுத்து வளர்ந்த அன்னம் எழுதிக்கொள்வது.

நலமா என்று கேட்கத்தான் கை வருகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுக்கும்போது முதல் வரி அதுதான். 'நலம், நலமறிய ஆவல்' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு எழுதிப்போட்டு எனக்கும் பழகிவிட்டது. கல்லறைக்குப் போகிற கடிதத்துக்கு முதல் வரி என்ன என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அதனால் நேரே சேதிக்கு வருகிறேன்.

ஆத்தாவுக்குக் கண் மங்கிவிட்டது. வருகிறவர்களைச் செருமலை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறாள். நம் ஆவூருக்கு பஸ் வந்துவிட்டது, கோயில் வாசல்வரை வந்து திரும்புகிறது. நான் அதே மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. கேஸ் வீட்டுப் பெண் என்று தெரிந்ததும் பார்க்க வந்தவர்கள் காப்பி ஆறுவதற்குள் எழுந்து போனார்கள். நீ வருத்தப்படாதே, அவர்களில் ஒருத்தருக்கும் உருப்படியான மூக்கு இல்லை.

இப்போது பெரிய சேதி. உன்னைப் பற்றி ஒரு புத்தகம் வந்திருக்கிறது. எழுதியவர் பேர் என்று அட்டையில் போட்டிருப்பது உன் புருஷன் பேர்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் படிக்கப்போகிற மற்றவர்களுக்காக ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கிறது. உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த மறு வருஷம், என் அக்காளைப் பொன்னமராவதியில் டூரிங் டாக்கீஸ் வைத்திருந்த சவரிமுத்து என்பவருக்குக் கட்டிக்கொடுத்தோம். எங்களைப் போல வேதக்காரர்தான், கிறிஸ்தவர். சில வருஷம் கழித்து, ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் ஒரு நாள் சாயங்காலம், கொட்டகையில் முதல் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது அவளைக் காணவில்லை. மறுநாள் கொட்டகைக்குப் பின்னால் இருந்த தோட்டத்துக் கிணற்றில் கிடந்தாள். கழுத்தில் காயம் இருந்தது. கீழ்க் கோர்ட்டு புருஷனுக்குத் தண்டனை கொடுத்தது. மெட்ராஸ் ஹைக்கோர்ட்டு, கண்ணால் கண்ட சாட்சி இல்லை, சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி விடுதலை செய்தது. இதற்கு மேல் எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்கிறார் பத்திரிகை ஆசிரியர். கோர்ட்டு விட்டுவிட்டது. நான் விட்டேனா என்பது எனக்கும் உனக்கும் உள்ள பேச்சு.

அந்தச் சமயத்தில் சந்தைக்குச் சந்தை கொலைச் சிந்து பாடி விற்றார்கள், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கப்போனேன். உனக்கு எப்படி இருக்கும்? நீ போன பிறகுதானே அது. விராலிமலைச் சந்தையில் ஒருவன் டேப் மேளத்தைத் தட்டிக்கொண்டு உன் கதையைப் பாடினான். அதில் உனக்குக் கிளி மூக்கு, கொடி இடை. கூட்டம் முந்தானையால் கண்ணைத் துடைத்தது. நான் கத்தரிக்காய் வாங்கப் போனவள், பையோடு நின்று கேட்டேன். கோபம் வரவில்லை. மழைக் காளான் மாதிரி, வந்த வேகத்தில் போய்விடும் என்று தெரியும். போயும்விட்டது.

புத்தகம் அப்படி இல்லை. புத்தகத்துக்கு முதுகெலும்பு இருக்கிறது, அலமாரியில் நிற்கிறது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் புதுக்கோட்டையில் அச்சடித்து வெளிவந்தது. பேர் என்ன தெரியுமா? 'என் லூர்து'. அவர் உன்னை ஒரு நாளாவது பேர் சொல்லிக் கூப்பிட்டாரா? 'ஏய்', 'இந்தா', ரொம்பக் கோபம் வந்தால் 'ஆவூர்க்காரி'. அந்த வாயிலிருந்து வராத பேரை அட்டையில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் கிணறு, கிணற்றடியில் ஒரு பெண்ணின் பின்பக்கம். முகம் வரையத் தெரியாததால் படம் போட்டவன் முதுகை வரைந்திருக்கிறான்.

ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். விடுதலையான மனுஷன் தன் கதையைச் சொல்லக் கூடாதா என்று ஒரு கட்சி. செத்தவள் எழுந்து பதில் சொல்ல முடியாது, அவளை வைத்துப் பிழைப்பதா என்று இன்னொரு கட்சி. பத்திரிகைகளில் ஆசிரியருக்குக் கடிதங்கள் வந்தன. பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து இரண்டு குமாஸ்தாக்கள் உன் கழுத்துக் காயத்தைப் பற்றி விவாதம் செய்துகொண்டு வந்தார்கள். இலுப்பூர் வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் போனேன். வாயைத் திறந்து நான் அவள் தங்கை என்று சொல்லியிருந்தால் இறங்கிப் போயிருப்பார்கள். சொல்லவில்லை. யாரோ உன்னைப் பற்றிப் பேசுகிறார்களே என்று ஒரு அற்ப ஆசை.

நான் அந்தப் புத்தகத்தைத் தொடுவதில்லை என்று இருந்தேன். தொட வைத்தவள் ஆத்தா.

"அதுல அவ பேசுறாளாமே?" என்றாள் ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டே.

"ஆரு சொன்னா?"

"உபதேசியார் பொண்டாட்டி. எம்புள்ள பேசுறத அப்படியே போட்டிருக்காம். வாங்கியாந்து வாசிடி."

"அது பொய்யாத்தா. அந்தாளு சொன்ன பொய்யி."

"பொய்யோ மெய்யோ, பேசுறாள்ல?"

இதற்கு என்ன பதில் சொல்வாய் நீ? எனக்குத் தெரியவில்லை. குட்டிச்சுவரோடு பேசினாலும் பேசலாம், பெற்றவளோடு வாதாட முடியாது. வாங்கி வந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, விளக்கேற்றும் நேரத்துக்கு முன்னால், தினம் கொஞ்சம் வாசித்தேன்.

அக்கா, ஒரு உண்மை சொல்கிறேன். அந்தப் புத்தகத்தில் இருக்கிற பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. மழை தூறினால் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து கையை நீட்டுகிறாள். கன்றுக்குட்டியோடு சண்டை போட்டுவிட்டு அதனிடமே போய்ச் சமாதானம் பேசுகிறாள். புருஷன் சாப்பிட வர நேரமானால் சோற்றுப் பானையைத் துணியில் சுற்றி வைத்து, சூடு இருக்கிறதா என்று கன்னத்தை வைத்துப் பார்க்கிறாள். ஆனால் அவள் நீ இல்லை. ஒரு இடத்தில்கூட, ஒரு சொல்லில்கூட நீ இல்லை. நீ எப்படி இருந்தாய் என்று இங்கே எழுதமாட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஆத்தா காதைக் கொடுத்துக் கேட்டாள். கடைசி அத்தியாயத்தில், நீ செத்த நாளன்று சாயங்காலம், அவர் கடைத்தெருவில் மல்லிகைப் பூ வாங்கி வந்து உன் தலையில் வைக்கிறார். நீ கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கிறாய். அதோடு கொட்டகைக்குப் போகிறார், திரும்பி வந்தால் நீ இல்லை. அந்த இடம் வந்ததும் ஆத்தா என் கையைப் பிடித்தாள். "இன்னொருக்கா வாசி" என்றாள். வாசித்தேன். மறுநாள் உட்கார்ந்ததும் "அந்தப் பூ வச்ச எடத்த மட்டும் வாசி" என்றாள். அதற்குப் பிறகு தினமும் அதுவேதான்.

எனக்கு அந்தப் பூதான் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வேதக்கார வீடுகளில் விபூதிப் புதன் தொடங்கி உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பெண்கள் தலையில் பூ ஏறாது. கறி இல்லை, மேளம் இல்லை, கல்யாணம் இல்லை, பூ இல்லை. யாரும் தடியோடு நின்று தடுப்பதில்லை. கை தானாகப் போகாது, அவ்வளவுதான். நீ செத்தது தவசு காலத்தில். அந்தப் பூ பொய். சவரிமுத்துவும் நம் வேதத்தில் ஞானஸ்நானம் வாங்கியவர்தானே, அவருக்குத் தெரியாமல் போகுமா? போகாது. அப்படியென்றால் தன் பேரில் வந்த புத்தகத்தை அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. எவனோ எழுதியிருக்கிறான், இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

எனக்கு அன்று ராஜாளிக்கு இரை கிடைத்தது மாதிரி இருந்தது. கோயில் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். "விட்டுரும்மா, மன்னிக்கிறதுதான் நம்ம வேதம்" என்றார். மன்னிப்புக் கேட்டு யாராவது வந்தால் மன்னிக்கலாம் சாமி, புத்தகம் போட்டு வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் பூசைக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார். ஊரில் ஒருத்தரும் என்னோடு வரவில்லை. 'கிணத்துல கெடந்தத மறுபடியும் தூர் வாரணுமா' என்றார்கள்.

புதுக்கோட்டை வாசகசாலையில் ஒரு கூட்டம் போட்டார்கள். புத்தகத்தை எதிர்க்கிறவர்களுக்குப் பதில் சொல்ல, வெளியிட்டவரே வந்திருந்தார். பேர் வயிரவன். திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம். பர்மாவில் இருந்த கடை போனபிறகு அச்சாபீஸ் வைத்தவராம். வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. திட்டுகிறவர்களுக்கும் நாற்காலி எடுத்துப் போடுகிற மனுஷன். அப்படிப்பட்டவரோடு சண்டை போடுவதுதான் கஷ்டம்.

வக்கீல் ஒருவர் பேசினார், மாதர் சங்கத்து அம்மாள் ஒருவர் பேசினார். இருவரும் நன்றாகப் பேசினார்கள், இருவர் பேச்சிலும் நீ இல்லை. பிறகு நான் எழுந்தேன். "நான் செத்துப்போனவளோட தங்கச்சி" என்றதும் விசிறுகிற சத்தம்கூட நின்றுவிட்டது.

"இந்தப் புத்தகத்துல எங்க அக்கா தலையில பூ வச்சிருக்காங்க. எங்க வீட்டுல தவசு காலத்துல யாரும் பூ வைக்கிறதில்ல. கூடக் குடியிருந்த புருஷன் இத எழுதியிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது. இது அவரு எழுதுனதில்ல."

கைதட்டினார்கள், அக்கா. உனக்காக ஒரு கூட்டம் கைதட்டியது அது ஒன்றுதான். வயிரவன் கோபப்படவில்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "தவசு காலம்னா எப்ப ஆரம்பிக்கும், எப்ப முடியும் டீச்சர்? வேற என்னென்ன வெலக்கி வைப்பீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் மூன்றாம் வகுப்புக்குச் சொல்வது போல விளக்கமாகச் சொன்னேன். பூ எப்போது ஏறும் என்று கேட்டார். உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து, முதல் பூ மாதாவுக்கு, அப்புறம் எங்களுக்கு என்றேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். என்ன பணிவு என்று நினைத்தேன். பாடம் எடுக்கிறவளுக்குக் கேட்கிறவன் யாரென்று தெரிவதில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது குடை வைத்திருந்த ஒரு ஒல்லியான மனுஷர் கிட்டே வந்தார். நாற்பது வயசு இருக்கும். சட்டைக் காலரைத் தானே தைத்துக்கொண்டவர் என்று பார்த்ததும் தெரிந்தது.

"டீச்சர், நாந்தாங்க அத எழுதுனவன். பேரு சுந்தரேசன்" என்றார்.

அடிக்கலாமா என்று நினைத்தேன். குடையை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்து, "ஏன் எழுதுனீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"எழுதுறதுதாங்க தொழிலு. பேரு வராது. ஜோசியப் புத்தகம், சமையல் புத்தகம், எல்லாம் எழுதியிருக்கேன். ஒங்க அக்கா வீட்டுக்காரரு வந்து உக்காந்தாரு. கேஸப் பத்திப் பேசுனாரு, வக்கீலப் பத்திப் பேசுனாரு, ஜெயிலு சோத்தப் பத்திப் பேசுனாரு. ஒங்க அக்காவப் பத்திக் கேட்டேன். 'அவளுக்கென்ன, இருந்தா, போயிட்டா'ன்னாரு. அதுக்கு மேல ஒன்னும் வரலீங்க. ஒரு பொம்பளையப் பத்தின புத்தகத்துல பொம்பளை இல்லாம எப்படிங்க?"

"அதுக்கு?"

"எங்க வீட்டுல இருந்தவள எழுதிட்டேன்."

அவருடைய மனைவி விஷக் காய்ச்சலில் போய்விட்டாராம். கையை நீட்டி மழை பார்த்தது அந்த அம்மாள். கன்றுக்குட்டியோடு பேசியது அந்த அம்மாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற அன்று, வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பூ கேட்டாராம். இவர் வாங்கி வைத்துவிட்டாராம். திரும்பி வரவில்லை.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததில் எனக்கே கோபம் வந்தது. "அம்புட்டு நல்லவங்களக் கொண்டுபோயி அந்தாளு கையில ஒப்படைச்சுட்டீங்களே" என்றேன்.

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். வெயிலில் குடையை விரிக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். ஊரெல்லாம் உனக்காக அழுகிறது என்று நினைத்தேனே, அது உனக்காக இல்லை. அந்த அம்மாளுக்காக. அந்த அம்மாளுக்கே தெரியாமல் அவருக்காக இவ்வளவு பேர் அழுகிறார்கள். உனக்கு யார் இருக்கிறார்கள்? நான் ஒருத்தி. ஆத்தாகூட அந்த அம்மாளைத்தான் தன் மகள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அன்று பஸ்ஸில் இடமில்லாத கூட்டம். அவ்வளவு பேருக்கு நடுவில் நான் அப்படித் தனியாக இருந்ததில்லை, அக்கா.

ஆனாலும் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நம்பினேன். பூவின் குட்டு வெளிப்பட்டுவிட்டது, இனி அந்தப் புத்தகத்தை யார் சீந்துவார்கள் என்று.

விபூதிப் புதனுக்கு முந்தின வாரம் பள்ளிக்கூட வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வயிரவன்தான். பிள்ளைகள் எல்லாம் காரைத் தொட்டுப் பார்க்க ஓடிவிட்டார்கள். அவர் வேப்பமரத்தடியில் நின்று கைகூப்பினார்.

"நல்லா இருக்கீங்களா டீச்சர்? ஒங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். ரெண்டாம் பதிப்பு கொண்டாந்திட்டோம். நீங்க சொன்ன தப்பத் திருத்தியாச்சு."

புத்தகத்தைக் கையில் கொடுத்தார். கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். சவரிமுத்து மல்லிகை வாங்கி வருகிறார். நீ தள்ளிப் போகிறாய். 'தவசு காலத்தில் பூ வைக்க மாட்டோம் என்று உங்களுக்குத் தெரியாதா? உயிர்த்த ஞாயிறு வரட்டும், முதல் பூ மாதாவுக்கு, அப்புறம் எனக்கு' என்கிறாய். அந்த ஞாயிறு வருவதற்குள் நீ போய்விட்டாய் என்று அவர் அழுகிறார்.

என் சொற்கள், அக்கா. வாசகசாலையில் நான் சொன்னவை, பிசகாமல். அவற்றை உன் வாயில் போட்டு, அந்த ஆளுக்குக் காணிக்கையாக்கிவிட்டார்கள். முன்பு அந்த இடத்தைப் படித்தால் நம் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். இப்போது படித்தால் நானே நம்புவேன் போலிருந்தது. பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். நான் போய்க் கால் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"அவரு இதையாவது படிச்சாரா?" என்று கேட்டேன்.

"அவரு எங்கங்க படிக்கப் போறாரு? கையெழுத்துப் போட்டதோட சரி." அதை ஒளிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இப்ப ஒங்க பக்கத்தையும் ஊரு கேக்கணும்ல டீச்சர்? 'என் அக்கா'ன்னு ஒரு புத்தகம் போடுவோம். நீங்க ஒன்னும் எழுத வேணாம், அவுக எப்படி இருந்தாக, என்ன பேசுவாக, சும்மா சொன்னாப் போதும். எழுதுறதுக்கு நம்மகிட்ட ஆளு இருக்கு" என்றார்.

"ஆரு? அதே சுந்தரேசனா?"

"நல்லா எழுதுவாருங்க. ஒங்க பேருதான் வரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகள் காரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். டீச்சர் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை. "எங்க அக்கா ஒங்க புத்தகத்துப் பக்கமே வர மாட்டா, நீங்க போயிட்டு வாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் கும்பிட்டுவிட்டுத்தான் காரில் ஏறினார்.

அன்று சாயங்காலம் ஆத்தா வழக்கம்போல உட்கார்ந்தாள். நான் கையிலிருந்த புதுப் புத்தகத்தை வாசித்துவிட்டேன். ஏன் வாசித்தேன் என்று தெரியவில்லை. பழையதை எடுத்திருக்கலாம். அலுப்பு, வேறென்ன.

ஆத்தா குறுக்கே பேசினாள். "பூவக் காணோமே?"

"மாத்திட்டாக ஆத்தா. தவசு காலம்ல, பூ வைக்க மாட்டா."

"முன்னால வச்சு சிரிச்சாளே?"

"அது அவ இல்லத்தா."

"அப்ப இது?"

"இதுவும் அவ இல்ல."

ஆத்தாவின் முகம் அப்படியே சுருங்கிப்போனது. மங்கின கண்ணால் என் பக்கம் பார்த்து, "அப்ப எம்புள்ள எங்கடி?" என்று கேட்டாள். கேஸ் நடந்த காலத்தில்கூட ஆத்தா அப்படிக் கேட்டதில்லை. அப்போது அழுதாள், இப்போது கேட்டாள்.

நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, சொன்னேன். உன்னைப் பற்றி, நீ என்று எனக்குத் தெரிந்த ஒரு சங்கதி. சின்னச் சங்கதிதான். நீ கல்யாணமாகிப் போன பிறகு முதல் தடவை நம் வீட்டுக்கு வந்தபோது நடந்தது. நீயும் நானும் மட்டும் இருந்தோம், ஆத்தா அப்போது களத்துக்குப் போயிருந்தாள். அதில் மழையும் இல்லை, கன்றுக்குட்டியும் இல்லை. உன்னை நல்லவள் என்று காட்டுகிற சங்கதியும் இல்லை. கேட்டால் யாரும் அழமாட்டார்கள். அட்டையில் போட ஏற்றதும் அல்ல.

ஆத்தா கடைசிவரை கேட்டாள். பிறகு ஒரு சிரிப்பு சிரித்தாள் பார், எனக்கு எத்தனையோ காலத்துக்கு முந்தின ஆத்தா தெரிந்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "இவதாண்டி" என்றாள். "இவதான். களவாணிச் சிறுக்கி."

அதற்குப் பிறகு ஆத்தா புத்தகத்தைக் கேட்கவில்லை. விளக்கேற்றும் நேரத்துக்கு முன்னால் "அன்னம், சொல்லு" என்கிறாள். நான் சொல்கிறேன். ஒவ்வொரு நாளும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கே இருந்தன இவ்வளவு நாளாக?

அந்தச் சங்கதி எது என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் மூன்றாம் பதிப்பில் வந்துவிடும், உன் புருஷனும் அதற்காக அழுதுவிடுவார். உன்னைப் பற்றி ஊருக்கு நான் கொடுத்தது அந்தப் பூ ஒன்றுதான். அது போகட்டும்.

திருச்சிராப்பள்ளி மாதப் பத்திரிகை ஆசிரியர் நான் எழுதியதைப் போடுகிறேன் என்றார். "மொழிநடையக் கொஞ்சம் திருத்திக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டார். ஒரு எழுத்தைத் தொடக் கூடாது, தொட்டால் திருப்பி வாங்கிக்கொள்வேன் என்றேன். பிழை இருந்தால் அது என் பிழை. உன்னைப் பற்றி வருவதில் உன்னைத் தெரிந்தவள் கையால் எழுதப்பட்டது ஒன்றாவது இருக்கட்டும்.

இன்னொரு சேதி, இதுதான் கடைசி. நம் கோயில் உபதேசியாருக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. காரைக்குடியிலிருந்து ஒருவர், மதுரையிலிருந்து ஒரு குடும்பம். உயிர்த்த ஞாயிறு அன்று உன் கல்லறைக்கு மல்லிகை கொண்டு வருகிறார்களாம். எந்த பஸ் ஏற வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். புத்தகம் படித்தவர்கள். நல்ல ஜனங்கள்தான், எனக்குத் தெரியும். அழுகிறதுக்கு ஒரு கல்லறை தேடி வருகிறார்கள். அந்தச் சுந்தரேசனுடைய மனைவியை எங்கே அடக்கம் செய்தார்களோ, எரித்தார்களோ, எனக்குத் தெரியாது. அந்த அம்மாளுக்கு வர வேண்டிய பூ உன் மேல் விழப்போகிறது. பொறுத்துக்கொள். நீயும் அவருக்குக் கொஞ்சம் இடம் விட்டுப் படு.

இத்தனை வருஷமும் உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்ததும் முதல் பூ மாதாவுக்கு, அடுத்த பூ உனக்கு என்று நான்தான் கொண்டு வந்தேன். கல்லறைப் பக்கம் வேறு யாரும் வந்ததில்லை. இனிமேல் நான் பூவோடு வந்தால், இவளும் புத்தகம் படித்துவிட்டு வருகிறாள் என்பார்கள். சொல்லட்டும் என்று இருக்கலாம். ஆனால் எனக்கு இஷ்டமில்லை.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வருஷம் அவர்களுடைய பஸ் வருவதற்கு முன்னால், பூசை முடிந்த கையோடு, ஆத்தாவைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு வாரேன். எங்கள் இரண்டு பேர் கையிலும் பூ இருக்காது. பூ அவர்கள் கொண்டு வரட்டும். நாங்கள் என்ன கொண்டு வருவோம் என்று உனக்குத் தெரியும். அன்று களத்திலிருந்து ஆத்தா வருவதற்குள் நாம் இரண்டு பேரும் எதைத் தின்று தீர்த்தோமோ, அது. ஆத்தா தன் கையால் செய்கிறேன் என்கிறாள்.

உன் கூடப்பிறந்தவள்,
உன் பங்கையும் சேர்த்துத் தின்றவள்,
அன்னம்.